தங்கவேலுவை இழுத்துப் போட்டேன்

1984, ஆடி வெள்ளி, இரவு

செட்டிகுளம் முருகனைக் கும்பிட்டுவிட்டு பாடாலூரில் பஸ்ஸுக்கு நின்றேன். சாராயக்கடை எதிரே, நடுரோட்டில், பங்காளி தங்கவேலு போதையில் கிடந்தான். நான் குடியை விட்ட புதுசில், கல்யாண வீட்டில் ஆள் வைத்து என்னை அமுக்கி, வாயில் சாராயத்தை ஊற்றிச் சிரித்தவன். நான் மறுபடி குடித்துவிட்டதாக நினைத்துக் கோபித்துக்கொண்டு போன என் பெண்டாட்டி சரோஜா, பிள்ளையோடு இன்னும் அப்பன் வீட்டில்தான் இருக்கிறாள்.

லாரி வந்தது. சாகட்டும் என்றுதான் முதலில் நின்றேன். அப்புறம் ஓடிப்போய் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டேன்.

"சாமி மாதிரி வந்தேடா" என்று அழுதான்.

"சும்மா போயிடலாம்னு பாத்தியா? சரோஜாகிட்ட வந்து நடந்ததச் சொல்லிட்டு அப்புறம் சாவு" என்றேன்.

முருகா, குடிக்காமல் இருக்கத்தான் உன்னிடம் வரம் கேட்டேன். அவனை மன்னிக்கும் மனசை நான் கேட்கவே இல்லை.