செல்வி நடந்த நடை

3.7.78 திங்கள்

காலையிலேயே மழை. தாப்பா ரோட்டுல லோரி டயர் பஞ்சர். ஒத்தக் கையால சக்கரத்தைக் கழட்டி மாட்டினேன். பார்த்துட்டு நின்ன சீனக் கிழவன் வாயைப் பொளந்தான்.

வியாழக்கிழமை ஈப்போ கோர்ட். தங்கச்சி தனம் தோட்டத்துலருந்து மகளோட வந்து இறங்கியாச்சு. மீன் குழம்பு. செல்வி தொடல. பயமாம். மாமா இருக்கேன்லா, என்ன பயம்?

ஒன்பது வயசுப் பிள்ளை. மூணு வருசம் முந்தி தோட்டத்துல காலரா தடுப்பூசி. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல சின்னது பெருசு எல்லாரையும் வரிசையில நிறுத்தினானுங்க. கையில போட வேண்டிய ஊசி. பிள்ளை திமிறுதுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் குப்புறப் படுக்க வச்சு பிட்டத்துல குத்திட்டான். நரம்பு போச்சு. பாதம் தொங்கிப்போச்சு. அன்னையிலருந்து இழுத்து இழுத்துத்தான் நடை. கோலாலம்பூர்ல ஆபரேஷன் பண்ணினா நிமிரும்னு பெரியாஸ்பத்திரி டாக்டர். காசு? அதுக்குத்தான் தோட்டத்துக் கம்பெனி மேல நஷ்டஈட்டுக் கேஸ்.

தோட்டத்து மேனேஜர் ஒரு டின் பிஸ்கட் அனுப்பினான். பிஸ்கட்! அவன் கார் மேலயே விட்டெறிஞ்சேன். (எறியல. எறிஞ்சிருக்கணும்.)

4.7 செவ்வாய்

வெயில். பின் டயர் ரெண்டும் மாத்தணும். லோரி முதலாளி டவுக்கேகிட்ட கேட்கணும்.

சாயங்காலம் நம்ம வக்கீல் ஆபீஸ். யாழ்ப்பாணத்து மனுசன். எடுத்த எடுப்புல, "கூண்டிலை ஏறினால் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கதை அளக்கக் கூடாது."

என்னைப் பார்த்து! நான் வாயைத் திறந்தா ஜட்ஜே எழுந்து நிப்பார்னேன்.

"அதுதான் எனக்கும் பயம்."

அப்புறம் ஒரு பேப்பர் துண்டை எடுத்து வச்சார். தைப்பூசத்துல எடுத்த படம். செல்வி தலையில பால்குடம், நிமிர்ந்து நிக்கிறா. கீழே கொட்டை எழுத்து: ஊசியால் விழுந்த கால் முருகன் அருளால் எழுந்தது. முழுத் தூரமும் நடந்தாள் என்கிறார் தாய்மாமன்.

கம்பெனி வக்கீல் கையில இது இருக்காம்.

"இது நீங்கள் சொன்னதோ?"

சொன்னேன். பேப்பர்காரன் கேட்டான், சொன்னேன். சாமி காரியத்துல குறைச்சா சொல்லுவாங்க? ஆத்தங்கரையிலருந்து என் தோள்ல தூக்கிட்டு வந்தேன். கோயில் வாசல்லதான் இறக்கினேன். வேண்டுதல்னா பிள்ளை சொந்தக் கால்ல நாலு எட்டாவது வைக்கணும்லா. அப்ப எடுத்த படம். தூக்கினவன் படத்துல இல்ல.

சாமி படத்தைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையோட காலுக்கு எதிரா காட்டுறானுங்க. இவனுங்க விளங்குவானுங்களா?

5.7 புதன்

செல்விக்குப் புது கவுன். கணுக்கால் மூடுற வெள்ளைச் சப்பாத்து. கடையிலயே விலை ஒசத்திதான். "அண்ணே, கால் உள்ள நிக்காதுண்ணே," தனம். பஞ்சு அடைச்சு நிக்க வச்சேன். எனக்கா தெரியாது.

செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: நாளைக்கு கோட்டுப் போட்டவனுங்க நிறைய பேர் இருப்பானுங்க. எவன் முன்னாலயும் தலை குனியாதே. நம்ம குடும்பம் எவனுக்கும் பயந்ததில்ல.

"சரி மாமா."

அப்புறம்தான் பிள்ளைக்குச் சோறு இறங்குச்சு.

6.7 வியாழன்

என்னைத்தான் முதல்ல ஏத்தினாங்க. தூக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். எவ்வளவு தூரம்னான் அந்தக் கம்பெனி வக்கீல். ஆறு மைல்னேன். வாயில அப்படித்தான் வந்துச்சு.

"அங்கே மொத்தமே அவ்வளவு தூரம் இல்லையே. பேப்பர்ல சொன்னது பொய்யா, இங்கே சொல்றது பொய்யா?"

சனம் சிரிக்குது. தூக்கினது நிஜம்டான்னு கத்தினேன். ஜட்ஜ் இறங்கச் சொல்லிட்டார்.

அப்புறம் டாக்டர் வந்து சொன்னார். பாதி புரியல. கடைசியா ஜட்ஜ், பிள்ளையை நடந்து காட்டச் சொன்னார். கதவிலருந்து மேசை வரைக்கும்.

செல்வி என்னைப் பார்த்தா. தலையை நிமிர்த்தினா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, பஞ்சு அடைச்ச சப்பாத்தை ஊன்றி, நேரா. நேரா வாரா. ரெண்டு கையும் கவுனை இறுக்கிப் பிடிச்சிருக்கு, கழுத்து நரம்பு புடைக்குது. தனம் வாயில முந்தானை.

நொண்டுடி கண்ணு. ஒரு தடவை நொண்டு.

சொல்ல முடியல. எனக்கு! வாய் வரல. மேசைகிட்டப் போய் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறா.

"மேற்கொண்டு கேள்வி இல்லை." அந்த வக்கீல்.

24.7 திங்கள்

வெயில் கொளுத்துது. கேஸ் தள்ளுபடி. நிரந்தரக் காயம்னு நிரூபிக்கலையாம். டாக்டர் சொன்னது பத்தாதாம், பிள்ளை நல்லா நடக்குதாம். குத்தினவன் இன்னும் அதே தோட்டத்துல ஊசி போடுறான்.

கோர்ட் வாசல்ல அந்த வக்கீல் கார் நின்னுச்சு. எட்டி உதைச்சேன். இது நிஜம். கட்டை விரல் வீங்கிக் கிடக்கு. நானும் நொண்டிக்கிட்டேதான் பஸ் ஏறினேன்.

தனம் பஸ்ல செல்வி சப்பாத்தைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா. நம்ம வக்கீல் அப்பீல்னு ஏதோ சொன்னார். எதை வச்சுப் பண்றது?

செல்வி பின்கட்டுல. திரும்பவும் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு, சுவரைப் பிடிக்காம, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு. என்ன பண்றேன்னேன்.

"அடுத்த தடவை இன்னும் நேரா நடக்குறேன் மாமா. அப்ப குடுப்பாங்கதானே?"