பெயர் சொல்லாமல் பேசிய எட்டு வருஷம்

அன்புள்ள ஜெய்த்தூன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு காலத்தில் அது உண்மைதானே.

நீங்கள் போய்ச் சேர்ந்து நேற்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. பாலக்கரையில் நம் தெருவே உங்கள் வீட்டில்தான் இருந்தது. நெய்ச்சோறு நன்றாக இருந்ததாம், நான் சாப்பிடவில்லை. ஓதி முடிந்ததும் ஜமாஅத்துச் செயலாளர் எழுந்து, நம் பள்ளிவாசலில் வாய் திறந்து பேசிய முதல் பெண்மணி நீங்கள்தான் என்றார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள் என்றார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தட்டில் இருந்த வெற்றிலைதான் முக்கியமாகப் போய்விட்டது.

உங்களை அடக்கிய கபுருக்கு வந்து நேரில் கேட்கலாமென்றால், பெண்கள் அங்கே போகக் கூடாது என்கிறார்கள். நம் பெண்கள் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி ஒரு அஞ்சலி வேண்டும் என்று சல்மா கேட்டாள். என் மகள் இப்போது அந்த வகுப்புக்கு டீச்சர், அது உங்களுக்கே தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன். புகழ்ந்து எழுத ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பன்னிரண்டு நாள் ஞாபகம் இருக்கிறதா? கோடை லீவில் ஒரு பள்ளிக்கூடத்தில், பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒரு மாதர் சங்கம் நடத்தியது. உங்கள் வீட்டுக்காரர் பள்ளிவாசல் முத்தவல்லி. நிர்வாகம் முழுக்க அவர் கையில் இருந்ததால் உங்களைத் தடுக்க ஆளில்லை. தனியாகப் போகக் கூடாதென்று துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டீர்கள். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மனைவி, என்னை யார் கேட்கப் போகிறார்கள்? வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காவேரிப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போனோம். ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

பாடம் நடத்தியவர் அந்த ஊர் ரங்கநாயகி அம்மாள். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேச எழுந்தா முதல்ல உங்க பேரைச் சொல்லணும். அப்பறந்தான் விஷயம்." லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்கள். நீங்கள் எழுந்து "முத்தவல்லி வீட்டம்மா" என்றீர்கள். அது பெயரில்லையே என்றார் அவர். மறுபடியும் அதையேதான் சொன்னீர்கள். மூன்றாம் தடவை அழுதுவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் பழக்கினேன். பாலம் முடிவதற்குள் பத்துத் தடவை உங்கள் பெயரைச் சொல்ல வைத்தேன். ஜெய்த்தூன், ஜெய்த்தூன் என்று நீங்களே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன், அக்கா. கடைசி நாள் மாதிரிக் கூட்டத்தில் நான் தீர்மானம் கொண்டுவந்து, எதிர்த்துப் பேசியவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, ஜெயித்துவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

அந்த வருஷமே ஜமாஅத்தில் போய் நிற்க வேண்டி வந்தது. நம் மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு ஐந்தாவதோடு சரி. வெளிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாரும் சம்மதிக்கவில்லை. சல்மா அப்போது ஐந்தாவது முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிவாசல் மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் எட்டாவது வரை வகுப்பு நடத்தலாமே என்று கேட்கப் போனோம். திரை கட்டினால் பெண்கள் பேசலாம் என்றார்கள். உங்கள் வீட்டுப் பச்சைத் துணியைத்தான் கட்டினோம்.

நான் பேசினேன். குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "முத்தவல்லி வீட்டம்மா இவ்வளவு தெளிவா பேசுறாங்க, இதுக்கு மேல நாம என்ன சொல்றது?" என்றார். அவர்கள் யாரும் உங்கள் குரலையும் கேட்டதில்லை, என் குரலையும் கேட்டதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். உங்கள் கை வந்து என் வாயைப் பொத்தியது. மருதாணி வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் சொன்னது இதுதான்: "யாரு பேசுனா என்ன ஹமீதா? கிளாஸ் வந்துருச்சுல்ல. ஃபிட்டர் வீட்டுப் பொண்ணு பேசுதுன்னா எந்திரிச்சுப் போயிருப்பாங்க." அது நிஜமாகவே இருக்கலாம். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

அதற்கப்புறம் எட்டு வருஷம். வகுப்பை நடத்த நாம் ஆரம்பித்த பெண்கள் மன்றத்துக்குத் தலைவி நீங்கள், மாலை உங்களுக்கு, நன்றி உங்களுக்கு. ஜமாஅத்தில் பேச வேண்டும் என்றால் மட்டும் எனக்கு ஆள் வரும். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பேசினேன், தையல் வகுப்புக்குப் பேசினேன், தலாக் சொல்லித் துரத்தப்பட்ட ஒரு பெண்ணுக்காகவும் பேசினேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, நானும்தான். புத்தூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது நாலு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்றத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே, ஏன்? சொல்ல நேரமா இல்லை?

இனி இங்கத்தி சேதி. மாடி அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஓதுகிற பையன்களுக்கு இடம் போதவில்லையாம். அந்த அம்மாவும் போய்விட்டார்கள், இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். பெண்கள் தரப்பில் ஏதாவது சொல்வதானால் சொல்லலாம் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தையும் விட்டிருக்கிறார்கள். மாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் உங்கள் மருமகள் தூக்குவாளியில் நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். இனி மன்றத்துக்கு அவள்தான் தலைவியாம். வெள்ளிக்கிழமை நான் வந்து பேச வேண்டும், ஆனால் அவள் பேசியதாக இருக்கட்டும் என்றாள். "கொஞ்சம் தொண்டைய மாத்திப் பேசிருங்கக்கா. பழைய குரல்னு கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன். "மாமிதான் சொல்லிட்டுப் போனாங்க, ஹமீதாவை விட்டுடாதேன்னு."

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே இந்த ஏற்பாடும் நடந்திருக்கிறது. நகையையும் சாவிக்கொத்தையும் கொடுத்த மாதிரி என்னையும் மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தத் தூக்குவாளியைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பினேன்.

உங்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. முதல் தடவை நான் பேசிய அன்றைக்கு என் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட். வந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிப் பொருமினேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "நீ பேரைச் சொல்லித்தானே ஆரம்பிச்சே?" என்று கேட்டார். சொல்லவில்லை. சலாம் சொன்னேன், நேராக விஷயத்துக்குப் போய்விட்டேன். அன்னிய ஆண்கள் காதில் என் பெயர் விழ வேண்டாம் என்று எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. பாலத்தின் மேல் உங்களுக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை நான் உண்மையைச் சொல்லி, ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஜமாஅத்தார் கோபத்தில் வகுப்பையே மூடிவிட்டால் என்ன செய்வது என்று சல்மா கேட்கிறாள். "உங்க பேருக்காக பிள்ளைங்க படிப்பு போகணுமாம்மா?" என்கிறாள். உங்கள் கைதான் திரும்பவும் என் வாய்மேல் வந்து விழுந்தது போல இருந்தது. மூடினால் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்கலாம் என்றேன். இருபத்திரண்டு பேருக்கு அந்த இடம் காணாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை போகப் போகிறேன், அக்கா. நான் வாயைத் திறந்ததும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தவள் பேசுகிறாள் என்று திரைக்கு அந்தப் பக்கம் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். போடட்டும். தொண்டையை மாற்ற மாட்டேன். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது: சலாம் சொன்ன கையோடு, வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், என் பெயர் ஹமீதா, எட்டு வருஷமாக இங்கே பேசியது நான்தான் என்று சொல்வேன். உங்கள் பெயரையும் சொல்வேன். முத்தவல்லி வீட்டம்மா என்று இல்லை. பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தது ஜெய்த்தூன் என்று சொல்வேன்.

இன்னும் உங்கள் தங்கச்சிதான்,
ஹமீதா