அரை வட்டம்

ஐப். 5, செவ்வாய். விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை.

முதலில் நல்லதை எழுதிவைக்கிறேன். பேத்தி கலைவாணி, பன்னிரண்டாவது பாஸ். ஒரகடம் கம்பெனியில் ஒன்பது வருஷம், கார் சீட் மாட்டும் லைன். லைன் பலகையில் அவள் போட்டோ, பக்கத்தில் முழுசும் கறுத்த வட்டம். முழு வட்டம் என்றால் மற்றவர்களுக்கு வேலை பழக்கலாம். தலையில் அதற்கான நீலத் தொப்பி. அவள் தம்பி சரவணன், ஐ.டி.ஐ., அதே கம்பெனி, சங்கத்தில் கமிட்டி. சின்னவன் பிரபு, லாரி லைசென்ஸ், முதல் தடவையிலேயே. நான் படித்தது ஐந்தாவதுதான்.

போன வாரம் சரவணன் பெரிய தாளில் கையெழுத்துப் போட்டான். பல கம்பெனிகளும் சங்கமும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம். எந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும், எதற்குப் பின் எது, எல்லாம் அதில். இனி எல்லாருக்கும் புதுப் பரீட்சை. சூப்பர்வைசர் மனசு வைத்துப் போடும் வட்டம் கிடையாது. "இந்த ரோட்ல எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்த வட்டம் கூடவே வரும் ஆயா" என்றான். தெருவில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று.

வாங்க: புளி, து. பருப்பு, கொசுவத்தி.

ஐப். 6, புதன். நல்ல மழை.

கலைக்கு இன்று பரீட்சை. நாலு மணிக்கு வந்தாள். டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. சாம்பார் சாதம் அப்படியே.

அரை வட்டம்.

நடந்தது இது. சீட்டுக்கு நாலு போல்ட். ஒவ்வொன்றையும் முறுக்கிய பிறகு, பெயிண்ட் பேனாவால் வெள்ளைக் கோடு. கோடுதான் முறுக்கியதற்குச் சாட்சி. இவள் நாலிலும் முதலில் கோடு போட்டுவிட்டு அப்புறம் முறுக்கினாள். இறுக்கம் நாலும் சரி. பரீட்சை வைத்தவர், "இறுக்கம் நல்லா இருக்கும்மா. ஆனா செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சாச்சுன்னு எழுதிட்டீங்களே" என்றாராம்.

"லைன் ஓடற ஓட்டத்துக்கு அப்படித்தான் ஆயா கைக்கு வரும். ஒன்பது வருஷமா ஒருத்தனும் இன்னான்னு கேக்கல."

ரேஷன் கடையில் முதலில் கைரேகை, பிறகுதான் அரிசி. அதை யார் பொய் என்கிறார்கள்?

மாடி ரூமில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் இசக்கி. கலை பழக்கிவிட்டவள், எட்டு மாசம்தான். அதே பரீட்சையில் அவளுக்கு முக்கால் வட்டம். மாடிப்படியில் நின்று அழுதாள். "அக்கா கைவேகம் எனக்கு வரல ஆச்சி. அதாம் ஒண்ணொண்ணா முறுக்கி, ஒண்ணொண்ணா கோடு போட்டேன்."

ஐப். 8, வெள்ளி. மழை விட்டது. கரண்ட் இல்லை. மாவு ஆட்டவில்லை.

சாப்பாட்டில் கலைக்கும் சரவணனுக்கும் சண்டை.

"உன்ன கம்பெனிக்கு இட்டாந்ததே நானு. என் வட்டத்தையே அறுத்துட்டியேடா."

"உனக்குன்னு விட்டா, நாளைக்கு கம்பெனிக்காரங்க அவங்க ஆளுக்குன்னு விடச் சொல்லுவாங்கக்கா."

"லைன்ல எல்லாரும் அப்படித்தான் கோடு போடறாங்கன்னு உனக்குத் தெரியாது? கையெழுத்துப் போடறப்போ தெரியாது?"

சரவணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தெரியும் அவனுக்கு.

பலகையில் நீலத் தொப்பிப் படத்தை எடுத்தாயிற்றாம். முழு வட்டம் இல்லாதவர்கள் போடும் மஞ்சள் தொப்பியோடு புதுப் போட்டோ ஒட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஒட்டியவர்களுக்குத்தான் மூன்று மாசத்தில் மறுபரீட்சை. கலை மாட்டேன் என்கிறாள். "பேரையே எடுக்கட்டும். வேற கம்பெனி இல்லியா?"

சரவணன் மெதுவாக, "எங்க போனாலும் அந்த அரை வட்டமும் கூடவே வரும்க்கா."

அன்றைக்கு நல்லது என்று சொன்ன அதே பேச்சு.

எதிர்வீட்டுக் குப்பு, கலையைப் பற்றி: "இன்னா, வாத்தியாரம்மா ரெண்டு நாளா கண்ணுலயே படல?" தெரிந்துதான் கேட்கிறாள். மூட்டுவலி என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். யாருக்கு மூட்டுவலி என்று சொல்லவில்லை.

ஐப். 10, ஞாயிறு. வெயில். பிரபு படப்பையிலிருந்து மீன் வாங்கி வந்தான். ருசி தெரியவில்லை.

கலை பாத்திரம் துலக்கிக்கொண்டே, "போல்ட்டு இறுகி இருந்துச்சா இல்லியா, நீ சொல்லு ஆயா."

இறுகித்தான் இருந்தது என்றேன்.

அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தாள். பிறகு, "என்கிட்ட கத்துக்கின மத்ததுங்க எல்லாம் அப்படித்தானே கோடு போடுதுங்க. அதுங்களுக்கும் பரீட்சை வருது. சொல்லலாம்னா, முழு வட்டம் திரும்ப வர்ற வரைக்கும் நான் சொல்லித்தரக் கூடாதாம்."

தட்டை வாங்கித் துடைத்தேன்.

மூன்று மணிக்கு அவளாகவே மஞ்சள் தொப்பியோடு வந்து சுவரோரம் நின்றாள். இசக்கி போனில் எடுத்தாள். "கொஞ்சம் சிரிங்கக்கா." சிரிக்கவில்லை. சரவணன் போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய் அச்செடுத்து வந்தான்.

பார்த்தேன். கண் இரண்டும் வீங்கி, தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து. மூன்று மாசம் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் இந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சரவணா, இதை ஒட்டாதே. நாளைக்குத்தானே திங்கள், காலையில் அவள் முகம் கழுவித் தலை வாரினதும் வேறு ஒன்று எடுத்து, அதை ஒட்டு.