எடைக்குப் போடாத பாடம்

சொர்ணம்,

நைட் டூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். தண்ணி நானே பிடிச்சுட்டேன். குழாயடியில சிரிச்சாளுவ, சிரிக்கட்டும்.

கூடச் சேர்ந்தவங்க பி.ஏ. முடிச்சிட்டாங்கன்னு, தபாலில் வந்த பாடத்தையெல்லாம் எடைக்குப் போட நேத்து கட்டி வச்சியே, அதை அவிழ்த்து அரிசி டின் மேல வச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் வார்டில் நின்னுட்டு வந்து படிக்கிற தெம்பு எனக்குக் கிடையாது. எங்க தோல் கிடங்குல தொட்டியில ஊறுற தோலை எவனும் அவசரப்படுத்த மாட்டான். பதமான அன்னைக்குத்தான் எடுப்போம். நீயும் பரீட்சையை மெதுவா எழுது.

கோபம் மிச்சமிருந்தா சாயங்காலம் திட்டு.

செல்லப்பாண்டி

பழைய பேப்பர்காரன் வெறுங்கையோடு போக வேண்டாம். உன்னைத் தொடவிடாத என் சினிமாப் பத்திரிகைக் கட்டு கட்டிலடியில் இருக்கு. அதைப் போட்டுரு.