ஐந்தாவது ஏன்

8 பிப்ரவரி 2012, புதன்

எங்கள் கம்பெனிக்கு இன்று பச்சை நட்சத்திரம் கிடைத்தது. கார் கம்பெனி தன் சப்ளையர்களுக்குக் கொடுக்கும் பட்டம். மண்ணையும் நீரையும் கெடுக்காமல் உதிரிபாகம் செய்கிறோமாம். விழா நடந்த ஒரு மணி நேரமும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கக்கிய டீசல் புகை மேடையைச் சுற்றிக்கொண்டு நிற்க, அதற்குள்ளிருந்து பிரவீனின் குரல் மட்டும் "பூஜ்யம், பூஜ்யம்" என்று வந்துகொண்டிருந்தது.

பிரவீனுக்கு முப்பத்து நான்கு வயது. எம்.பி.ஏ. 'பசுமை மற்றும் மேன்மைத் துறை'யின் தலைவன். மேன்மைக்கென்று தனித் துறை இருப்பதால் மற்ற துறைகளுக்கு அந்தக் கவலை விட்டது. முன்பெல்லாம் மெஷினையும் பாகங்களையும் துடைக்க நூல்கழிவுப் பஞ்சு வாங்குவோம். எண்ணெய் குடித்த பஞ்சு சட்டப்படி அபாயக் கழிவு. லாரியில் ஏற்றி அதற்கென்று உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். பிரவீன் பஞ்சை ஒழித்துவிட்டுப் பச்சை விளிம்பு தைத்த துணியைக் கொண்டுவந்தான். துடை, துவை, மறுபடி துடை. துவைப்பது வெளியாள். அபாயக் கழிவு வரைபடத்தின் கோடு பூஜ்யத்தில் விழுந்து படுத்துவிட்டது. அதற்குத்தான் நட்சத்திரம்.

நான் பி.இ., எம்.டெக். தரத்துறைத் துணை மேலாளர். பதினோரு வருஷமாகத் துணை. மேலாளர் நாற்காலி போன தீபாவளியிலிருந்து காலி. அதன் வேலையையும் நான்தான் செய்கிறேன், அதில் உட்காராமல்.

14 பிப்ரவரி, செவ்வாய்

கார் கம்பெனியிலிருந்து புகார். ஸ்டியரிங் பம்புக்கு நாங்கள் கடைந்து கொடுக்கும் அலுமினிய உடல்களில், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் உட்காரும் முகத்தில் கீறல். எண்ணெய் கசிகிறது. பெட்டிகள் திரும்பி வந்து வாசலில் கிடக்கின்றன.

தரத்துறை ஆள் இதற்கு வருத்தப்பட வேண்டும். பிரவீனின் நட்சத்திரத்துக்கு ஆறே நாளில் கரி என்று, மதியம் இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டேன்.

16 பிப்ரவரி, வியாழன்

காலைக் கூட்டத்தில் பிரவீன் வாயைத் திறந்ததும் சொன்னான்: "இன்ஸ்பெக்‌ஷன் மிஸ் சார். சிம்பிள்." ஆலைத் தலைவர் கோமதிநாயகம் தலையாட்டினார்.

கார் கம்பெனிக்கு ஒரு சடங்கு உண்டு. எந்தக் குறை வந்தாலும் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூலகாரணம். எங்கள் ஆலையில் ஐந்தாவது பதில் எப்போதும் ஒன்றே: இன்னார் கவனக்குறைவு, இன்னாருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, புகைப்படம் இணைப்பு. எந்த மூலகாரணத்துக்கும் இதுவரை கான்ட்ராக்ட் ஊழியருக்கு மேலே ஏறத் தெரிந்ததில்லை.

இந்த முறை பெட்டிகளில் இருப்பது இசக்கிசெல்வியின் முத்திரை. களக்காட்டுப் பக்கத்துப் பெண். படப்பையில் ஆறு பேரோடு ஓர் அறை. மூன்று வருஷமாகக் கடைசிப் பரிசோதனையில் நிற்கிறாள். இந்தக் கோடையில் நிரந்தரம் ஆக வேண்டும். அறிக்கையில் பெயர் ஏறினால் நிரந்தரமும் இல்லை, கான்ட்ராக்டும் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் என்னை 'பூதக்கண்ணாடி' என்பவள். இன்று முகத்துக்கு நேரே கத்தினாள்.

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒவ்வொண்ணையும் விளக்குல பிடிச்சுப் பாத்துல்லா முத்திரை குத்துதேன்! கீறல் இருந்தா எனக்குத் தெரியாதா? சும்மா போறவ தலையில கட்டுதீய!"

"நான் இன்னும் ஒன்றும் கட்டவில்லையே."

"கட்டத்தான போறீய."

18 பிப்ரவரி, சனி

கட்டத்தான் போகிறேனா? அவள் முத்திரை குத்திய பாகங்களில் ஒரு தட்டு நிறைய, பெட்டிக்குப் போகும் முன் எடுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பிறகுதான் உறைத்தது. முத்திரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது: துடைப்பது. அதே பாகங்களைப் பச்சை விளிம்புத் துணியால் துடைக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். வளைந்த கீறல்கள், கை போகும் திசையிலேயே. துணியை வெள்ளைத் தாளின் மேல் உதறினேன். மணல்.

மணல்! பசுமைத் துணியிலிருந்து மணல்! அடேய் பிரவீன்.

25 பிப்ரவரி, சனி

துணி மூட்டை ஏற்றிப்போகும் குட்டி வேனுக்குப் பின்னால் என் வண்டியில் போனேன். ஐம்பத்தொரு வயதில், ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, துப்பறிகிறவன் மாதிரி. ஒப்பந்தத்தில் 'நவீன சலவை மையம்' என்று இருக்கிறது. வேன் பென்னலூர் தாண்டி இடது பக்கம் இறங்கி, ஒரு ஏரியில் போய் நின்றது.

நவீன மையத்தில் நான்கு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில். கல்லில் ஓங்கி அடிக்கிறார்கள். தண்ணீர் மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் விரிகிறது. அலசியதைக் கரை மணலில் காயப் போடுகிறார்கள். எருமை ஒன்று தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பிப் போனது. அதற்குப் பசுமைத் துறை இல்லாமலே விஷயம் தெரிகிறது.

வேன்காரரின் மனைவி சரோஜா ஈரக் கையோடு வந்தாள். நிலத்தை விற்ற குடும்பம். விற்ற நிலத்தின் மேல் ஏதோ ஒரு கம்பெனியின் சுவர் நிற்கிறது.

"இன்னா சார், கம்பெனிலேர்ந்து வரியா? பாரு, எம்மா வெளுப்பா கீதுன்னு. குறை சொல்லவே முடியாது."

சொல்ல முடியவில்லை. வெளுப்பாகத்தான் இருந்தது.

"கைக்கு மாட்டிக்கிறது எதுனா இருந்தா குடுக்கச் சொல்லு சார். எண்ணெ பட்டுப் பட்டுத் தோலு உரிஞ்சிக்கினு வருது." கையை நீட்டிக் காட்டினாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

27 பிப்ரவரி, திங்கள்

இத்தனை மகிழ்ச்சியாக நான் எதையும் எழுதியதில்லை, கல்யாணப் பத்திரிகை உட்பட.

ஏன் கசிவு? முகத்தில் கீறல். ஏன் கீறல்? பரிசோதனை முடிந்தபின் துடைக்கும் துணியில் மணல். ஏன் மணல்? ஏரிக் கல்லில் அடித்துக் கரையில் காய வைப்பதால். ஏன் ஏரியில்? துவைப்பவர்களிடம் வேறு தண்ணீர் இல்லை. எங்கே துவைக்கிறீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது.

மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று பிரவீனுக்கு, ஒன்று கோமதிநாயகத்துக்கு.

29 பிப்ரவரி, புதன்

பிரவீன் முகம் வெளுக்கவில்லை, அதுதான் ஏமாற்றம். "சார், துவைக்கிறது வெண்டர் ஸ்கோப். நம்ம எல்லை கேட்டோட முடியுது" என்றான். இப்படியே வெண்டர், வெண்டருக்கு வெண்டர் என்று தள்ளிக்கொண்டே போனால் அழுக்கு கடைசியில் கடவுளின் ஸ்கோப்பில் போய்ச் சேரும்.

சாயங்காலம் கோமதிநாயகம் அறைக்குக் கூப்பிட்டார். 'வனமாமலை' என்று அழைத்தால் வேலை. 'அண்ணாச்சி' என்றால் என்னிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறார்.

"அண்ணாச்சி, முதல் ரெண்டு ஏன் அருமையா வந்திருக்கு. மூணாவதுதான் காம்பவுண்டு தாண்டிப் போகுது."

"மணல் காம்பவுண்டு தாண்டித்தான் வருது சார்."

"வரட்டும். அறிக்கை தாண்டக் கூடாது. உள்ளுக்குள்ள ஒரு ஆள் பேரு வேணும். அந்தப் பொண்ணு பேரு இருக்குல்லா? போட்டு முடிங்க." பிறகு சொன்னார்: "மேலாளர் போஸ்டுக்கு உங்க பேரத்தான் எழுதி வச்சிருக்கேன். ஏப்ரல்ல ஆர்டர்."

நம்ம ஊர் ஆள் பேசினால் எவ்வளவு மென்மையாக இருக்கிறது. கழுத்தில் துண்டு போடுகிற மாதிரியே இருக்கிறது.

1 மார்ச், வியாழன்

தூக்கமில்லை. சவத்து நாற்காலி. பதினோரு வருஷம் பார்த்தாயிற்று. இன்னும் எதற்கு அதன் மேல் ஆசை? ஆசைதான். பொய் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண் போனால் எனக்கென்ன? ஊரில் இன்னொரு வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் கல்யாணம் செய்துவைப்பார்கள். இப்படியெல்லாம் யோசித்தேன். ஆனால் அவள் கீறவில்லையே. கீறாதவளைக் கீறினாள் என்று எழுதுவது தவறான அளவு. வாழ்க்கையில் எவ்வளவோ அற்பத்தனம் செய்திருக்கிறேன், தவறான அளவு மட்டும் எழுதியதில்லை.

5 மார்ச், திங்கள்

கார் கம்பெனியிலிருந்து அமலா வந்தாள். சப்ளையர்களின் தரத்தைப் பார்ப்பவள். பத்து வருஷம் முன்பு என்னிடம் பயிற்சி ஊழியராக இருந்தாள். இன்று என் அறிக்கைக்கு அவள் மதிப்பெண் போடுகிறாள். ஏரி அறிக்கையின் மூன்றாம் பிரதியை அவளிடம் தனியாகக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"சார், இத நான் வாங்கிக்க முடியாது. உங்க நட்சத்திரத்துல கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"திரும்பப் பெறலாமே?"

"அது மட்டும்னா பரவால்ல சார். இந்தத் துணி ஐடியா நல்லாருக்குன்னு இன்னும் பதினோரு சப்ளையருக்கு நாங்களே அனுப்பிட்டோம். எல்லாரும் ஆரம்பிச்சிட்டாங்க."

"அவர்கள் எங்கே துவைக்கிறார்கள்?"

அமலா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள். "தெரியல சார். கேக்கல."

யாரும் யாரையும் கேட்பதில்லை. இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'சப்ளை செயின்', சங்கிலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தாள்: எந்த அறிக்கையை அவர்கள் ஏற்கிறார்களோ, அதில் சொன்ன திருத்தத்தை அதே முறை இருக்கும் எல்லா சப்ளையரும் செய்தாக வேண்டும். சுற்றறிக்கை தானாகவே போய்விடுமாம். யாரும் மறுக்க முடியாதாம்.

யாரும் மறுக்க முடியாதா?

6 மார்ச், செவ்வாய்

உள்ளுக்குள் ஒரு ஆள் பெயர்தானே வேண்டும்? கொடுத்தேன்.

மூலகாரணம்: பரிசோதனைக்குப் பிந்திய துடைப்பு முறையைத் தரத்துறைத் துணை மேலாளர் எஸ். வனமாமலை சரிபார்க்கவில்லை. கவனக்குறைவு. திருத்தம்: பாகங்களைத் துடைக்கும் துணிகள் இனி கம்பெனி வளாகத்துக்குள், மூடிய இயந்திரத்தில், வடிகட்டிய நீரில் மட்டும் துவைக்கப்படும், அந்தக் கழிவுநீர் கம்பெனியின் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். மணலைத் தவிர்க்க வேறு வழியில்லை. ஏரி என்ற சொல் எங்கும் இல்லை. இசக்கிசெல்வி என்ற சொல்லும் இல்லை.

கோமதிநாயகம் வெகுநேரம் படித்தார். "வனமாமலை, இதுல கையெழுத்துப் போட்டா ஏப்ரல் ஆர்டர் வராது, தெரியும்லா?" என்றார். அண்ணாச்சி போய்விட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அமலா மாலைக்குள் 'ஏற்கப்பட்டது' என்று அனுப்பிவிட்டாள். ஒரு வரி அதிகமாக இல்லை.

பிரவீனின் பூஜ்யத்தைப் பன்னிரண்டு ஆலைகளில் ஒரே நாளில் கவிழ்த்தேன். என் நாற்காலி விலை. மலிவுதான்.

மலிவா?

12 மார்ச், திங்கள்

சடங்குப்படி எனக்குப் பயிற்சி. தலைப்பு: 'சரியாகத் துடைப்பது எப்படி'. நடத்தியவன் பிரவீன். எம்.டெக். முதல் வரிசையில் தனியாக. "சார், துணிய இப்படி மடிங்க... சூப்பர் சார்." புகைப்படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

9 ஏப்ரல், திங்கள்

சரோஜா கேட்டுக்கு வந்து கத்துகிறாள் என்று காவலாளி போன் செய்தார். போனேன்.

"நல்லா கீதுன்னு பாத்துக்கினு போனியே, வந்த மூணாம் வாரம் வேலையவே புடுங்கிட்டியே! உன்ன நா இன்னா பண்ணேன்?"

உள்ளேயே இயந்திரம் வந்துவிட்டது, கைக்கும் நல்லதுதானே என்று ஏதோ உளறினேன்.

"கைய நீயா பாத்த அன்னிக்கு?"

அவளே சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்: "போ. ரோட்டுக்கு அந்தாண்ட கம்பெனிக்காரன் துணி குடுக்கறான். நீ இல்லன்னா ஊர்ல கம்பெனியே இல்லியா?"

அந்தாண்டைக் கம்பெனி வேறு யாருக்கோ சப்ளை செய்கிறது. அவர்களுக்கு அமலாவின் சுற்றறிக்கை போகாது. ஏரிக்கு ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

20 ஏப்ரல், வெள்ளி

சலவை இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டினார்கள். 'பசுமைப் பயணம், இரண்டாம் கட்டம்'. அதை முன்வைத்து கார் கம்பெனி பிரவீனுக்கு விருது கொடுக்கிறது, புனேயில் விழா. தரத்துறை மேலாளர் பொறுப்பும் அவனுக்கே, கூடுதலாக. மேடையில் காட்டப் படங்கள் செய்து தரச் சொன்னான். செய்து கொடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழைகளை வேண்டுமென்றே விட்டேன்.

4 மே, வெள்ளி

இசக்கிசெல்விக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. இனிப்பு டப்பாவோடு லைன் முழுக்கச் சுற்றினாள். கடைசியில் என் மேஜைக்கு வந்தாள்.

"எடுத்துக்கிடுங்க சார். உங்களுக்குக் குடுக்க மனசில்ல. ஆளுக்கொண்ணுன்னு வாங்கிட்டேன், மிஞ்சிரும்."

டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள்.

"துணியப் பாக்காம விட்டது நீங்க. போகப் பாத்தது எம் பொழப்பு. மூணு வாரமா எங்கம்மை சோறு திங்கல, தெரியுமா? நோட்டீஸ் போர்டுல உங்க பேரப் பாத்த அன்னிக்குத்தான் எனக்கு உறக்கம் வந்துச்சு."

லைனில் மெஷின் சத்தம் மட்டும். எல்லோரும் பாகத்தைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்கள். சொல்ல என்னிடம் ஒரு நீளமான வாக்கியம் இருந்தது. வாய் வரை வந்தது.

"சரி, போனது போட்டும்," என்றாள். "கிளாஸ் வச்சாவள்ளா உங்களுக்கு? என்னத்தத்தான் சொல்லித் தந்தாவ? செஞ்சு காட்டுங்க பாப்போம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். துணியை எடுத்து நாலாக மடித்து, நடுவிலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைத்துக் காட்டினேன். அவள் பாகத்தை வாங்கி விளக்கில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, நன்றாகவே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. இத முதல்லயே செஞ்சிருந்தா என்ன?"

"ஆமாம்மா," என்றேன். இனிப்பில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.