லாங் ஐலண்ட் ஜெட்டியில் எங்கள் காவல்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெரின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

கொரோனா பத்திக் கவலப்படாதீங்க. ஒரு நோயாளி இறங்கினாலே தீவுல ஒரு உயிரும் மிஞ்சாதுன்னு எல்லாரும் சொன்னதால, ஜெட்டியில நாங்களே காவல் நின்னோம். என் ரூம்ல இருந்த நம்மூரு மார்ட்டின், போர்ட் பிளேர்ல இன்ஜின் சாமான் வாங்கிட்டு இருமிக்கிட்டே வந்தான். இறங்க விடல. தள்ளிக் கட்டியிருந்த படகுலயே இருடான்னோம். மூச்சு இழுப்புக்கு வாயில அடிக்கிற பம்ப ரூம்லேர்ந்து எடுத்துத் தாங்கடான்னு கத்தினான். நடிக்கிறான்னு சிரிச்சோம். சத்தம் நின்னதும் தூங்கிட்டான்னு நெனச்சோம்.

அடக்கம் முடிஞ்சப்புறம் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. அவனுக்குக் கொரோனாவே இல்லையாம். அவங்கம்மா செல்வம்மாள் கேட்டா, கடைசி வரைக்கும் நான் பக்கத்துலதான் நின்னேன்னு சொல்லுங்க. பம்பு இன்னும் ஜன்னல்ல இருக்கு. ரூம்ல இப்ப நான் மட்டும்தான், இடம் தாராளம்.

எனக்கும் லேசா இருமல், வெறும் சளிதான். தலகாணியில வாயப் பொத்தித்தான் இருமுறேன். மருந்து அனுப்புங்க. ஆனா மிளகாய்ப்பொடிக்குள்ள பொதச்சு அனுப்புங்க. ஜெட்டியில பசங்க பார்சலப் பிரிச்சுப் பாப்பாங்க.

போட் கெளம்புது, முடிக்கிறேன்.

உங்கள் ஜெரின்