கைராசிக்காரன் போட்ட தீவனம்

ஜூன் 3

சோயாத் தீவனம் தின்ற இரண்டாம் தொட்டி மீன்களின் வயிற்றைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். வயிற்றுச் சுவரில் சுவை அறியும் செல்கள் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மீன்தூள் தின்ற முதல் தொட்டி மீன்களுக்கு இருப்பதுபோலவே நெருக்கமாக இருக்கின்றன. சாயத்தில் கோளாறா?

ஜூன் 5

மறுபடி சாயமேற்றினேன். அதேதான். தொட்டிகளுக்குத் தீவனம் போடுவது என் தம்பி. நான்தான் இந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். சொன்னால் சிரிக்கிறான். "என் கைராசி அப்படிக்கா. நான் கல்லைப் போட்டாலும் கொழுக்கும்."

பண்ணைக்காரர்கள் என் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் சரி என்றால் எல்லாரும் சோயாவுக்கு மாறிவிடுவார்கள்.

ஜூன் 8

தம்பி விடுப்பு. புது சோயா மூட்டையைப் பிரித்து நானே போட்டேன். இரண்டாம் தொட்டி மீன்கள் கவ்வின, துப்பின. திரும்பவும் கவ்வின, துப்பின. என் கைக்கு என்ன குறை?

ஜூன் 9

இன்று அவன் போட்டான். அடித்துப் பிடித்துத் தின்றன. அவன் டீ குடிக்கப் போனதும் வாளிக்குள் கைவிட்டு முகர்ந்தேன். மீன்தூள் வாடை. சோயாவில் ஏது?

கேட்டேன். மறுக்கக்கூட இல்லை.

"துப்பிட்டே இருந்துச்சுக்கா. கொஞ்சம் மீன்தூள் கலந்தேன்."

"பாவம் பாத்தியாக்கும்?"

வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான். பிறகு, "சோயா கம்பெனியில சூப்பர்வைசர் வேலை தர்றேன்னாங்க. ரிசல்ட் நல்லா வந்தா."

"என் பேரு போட்டு வர்ற ரிசல்ட்டுடா அது."

"உன் பேருக்கு இப்ப என்ன ஆயிடுச்சு? நீயும் கண்டுக்காம இரேன்."

ஜூன் 10

சாயத்தைச் சந்தேகப்பட்டேன். கத்தியைச் சந்தேகப்பட்டேன். என் கண்ணையே சந்தேகப்பட்டேன்டா. உன்னை மட்டும் —

ஜூன் 12

நடந்ததை மேலிடத்தில் சொல்லிவிட்டேன். அவனை நிறுத்திவிட்டார்கள். அம்மா போனில், "வீட்டு விஷயத்த வீட்டுக்குள்ள பேசித் தீர்க்கக் கூடாதா?" என்றாள். வீட்டு விஷயமா இது?

செப்டம்பர் 20

புது மீன்கள். இந்த முறை தீவனம் போட்டது நான். சோயா மீன்களின் வயிற்றில் அந்தச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. சோயா வேண்டாமென்று பண்ணைக்காரர்களிடம் சொல்லியாயிற்று.

மாலையில் அம்மா அழைத்தாள். "தம்பி வந்திருக்கான். பேசறியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கேம்மா."

கையில் தீவன வாளி. மிச்சமிருந்த மீன்கள் கவ்விக் கவ்வித் துப்பிக்கொண்டிருந்தன.